கொழும்பில் போர்க்கள வழிகாட்டியாகத் தொழில் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: "கொழும்பில் வசிக்கிறேன். வரலாறு படித்தவன். சுற்றுலா வழிகாட்டி லைசன்ஸ் எடுக்கப் போகிறேன். போர்க்களங்களையும் இராணுவ வரலாற்று இடங்களையும் மட்டும் காட்டும் வழிகாட்டியாகப் பிழைக்க முடியுமா? முதல் நடைப்பயணத்தை எங்கே, எப்படி அமைப்பது?"

பிழைக்கலாம், ஆனால் முதல் சில வருடங்களுக்கு அது மட்டும் சோறு போடாது. கண்டி, சிகிரியா, காலி என்று வழமையான சுற்றுலாக்களையும் கையில் வைத்துக்கொண்டு, போர் வரலாற்றை உங்கள் தனி அடையாளமாக மெல்ல வளர்ப்பதுதான் நடைமுறை. அமெரிக்காவில் கெட்டிஸ்பேர்க் போர்க்களத்துக்கு மட்டும் என்று 1915 முதல் லைசன்ஸ் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 2003 இல் போர்க்கள வழிகாட்டிகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கே சான்று வேண்டுமென்றால் பரீட்சகர் முன்னால் களத்தில் நின்று விளக்கிக் காட்ட வேண்டும். இலங்கையில் அப்படித் தனிப் பிரிவு இல்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தரும் வழமையான உரிமம்தான்: நாடு முழுவதும் செல்லக்கூடிய தேசிய வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கான வழிகாட்டி, ஒரேயொரு இடத்துக்கான வழிகாட்டி, வாகனமும் ஓட்டி வழியும் காட்டும் சாரதி வழிகாட்டி. போர்க்களம் செய்ய நினைப்பவர் முதலாவதையே எடுக்க வேண்டும். கொழும்பில் தொடங்கும் கதை திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் போய் முடிகிற நாடு இது. பயிற்சியில் விகாரைகளும் வனவிலங்குகளும் தாராளமாக வரும், கோட்டைகளைப் பற்றி ஓரிரு மணித்தியாலம் கேட்டால் அதிர்ஷ்டம். மிச்சத்தை நீங்களே தேடிப் படிக்க வேண்டும்.

கொழும்பின் உண்மையான சிரமம் வேறு. இங்கே பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. கோட்டை மதில்களை ஆங்கிலேயர் 1870 ஐ ஒட்டிய வருடங்களில் இடித்துத் தள்ளினார்கள். தென்மேற்கு அலைதாங்கியை 1875 இல் தொடங்கி 1885 இல் முடித்தபோது துறைமுகத்தின் உருவமே மாறியது. காலிமுகத்திடலுக்கு வடக்கே இருந்த கடலில் இப்போது 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் நிற்கிறது. பேரே வாவி ஒருகாலத்தில் கோட்டைக்குத் தென்கிழக்கே விரிந்து கிடந்த நீர்க்காவல், இன்று அதன் துண்டுகள்தான் மீதி. ஆகவே வந்தவரிடம் "இதோ பாருங்கள்" என்று சொல்ல முடியாது. இல்லாததை அவர் மனதில் எழுப்பிக் காட்ட வேண்டும். அதற்கு மூன்று கருவிகள் போதும்: நிலத்தின் ஏற்ற இறக்கம், தண்ணீர் இருந்த இடம், நடந்து அளந்த தூரம். இந்த மூன்றும் இல்லாமல் பேசினால், வீட்டில் சொல்லக்கூடிய கதையை வெயிலில் நின்று சொன்னதாகவே முடியும்.

தொடங்குவதற்கு இரண்டு போர்கள் பொருத்தம்: 1655–56 இன் கொழும்பு முற்றுகை, 1942 ஏப்ரல் 5 இன் ஜப்பானிய விமானத் தாக்குதல். இரண்டுக்கும் இரு தரப்பு ஆவணங்களும் இருக்கின்றன. இரண்டையும் அரை நாளில் காட்டி முடிக்கலாம். கேட்பவர்களில் எவருடைய வீட்டுக் காயத்தையும் பெரும்பாலும் தொடமாட்டா.

முற்றுகை நடையை அநேகர் கோட்டை ரயில் நிலையத்தில் தொடங்குவார்கள். வசதிதான், ஆனால் அப்போது குழு அரணுக்குள் இருப்பவரின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடும். புதுக்கடையில் தொடங்குங்கள். நீதிமன்றங்கள் நிற்கும் அந்த மேட்டுக்குச் சிங்களத்தில் அளுத்கடை, ஆங்கில வழக்கில் ஹல்ஸ்டொர்ப். அந்தப் பெயர் அங்கே பாசறை அமைத்த ஒல்லாந்தத் தளபதி ஹெராட் ஹுல்ஃப்ட்டின் பெயரில் இருந்து வந்தது. ஞாயிறு காலை 6.45 க்கு நீதிமன்ற வளவு வெறிச்சோடிக் கிடக்கும். குழுவை மேற்கே பார்க்க நிறுத்துங்கள். வெயில் அவர்கள் முதுகில் விழும், கண் கூசாது. நீங்கள் கூசிக்கொண்டு நிற்க வேண்டும், அது தொழிலின் பங்கு. முன்னால் நிலம் கடலை நோக்கிச் சரிவது கட்டடங்களுக்கு நடுவேயும் தெரியும். பீரங்கியை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். குழுவில் யாராவது ஒருவர் தாமாகவே "இங்கேதான்" என்பார். அதன்பின் ஹுல்ஃப்ட்டின் பெயரைச் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டிய எலும்புக்கூடு சிறியது. 1655 ஒக்டோபரில் களுத்துறை விழுந்தது. நவம்பர் 12 இல் ஒல்லாந்தர் கொழும்பை நேரடியாகத் தாக்கிப் பெரும் இழப்போடு பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு பீரங்கியும் பசியுமே போரை நடத்தின. 1656 ஏப்ரல் 10 இல் ஹுல்ஃப்ட் சுடப்பட்டு இறந்தார். மே 7 இல் வடகிழக்கே கடலோரமாக இருந்த புனித யோவான் கொத்தளத்தை ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். மே 12 இல் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். இதில் மூன்றாவது தரப்பாகிய கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனை மறந்துவிடுவது வழக்கமான தவறு. ஒல்லாந்தரை அழைத்தவன் அவன், முற்றுகையிலும் அவனுடைய படை இருந்தது. நகரம் விழுந்ததும் அது தனக்கு என்று எதிர்பார்த்தான், ஒல்லாந்தர் கொடுக்கவில்லை. இரு ஐரோப்பியரின் சண்டையாக மட்டும் இதைச் சொன்னால், அதன்பின் நூறு வருடங்களுக்கு மேல் ஒல்லாந்தருக்கும் கண்டிக்கும் இடையே நடந்த இழுபறி ஏன் என்று கேட்பவருக்கு விளங்காது.

புதுக்கடையில் இருந்து வுல்பெண்டால் தேவாலயத்துக்கு நடந்து, அங்கிருந்து இறங்கிப் புறக்கோட்டைக்குள் கைமன்ஸ் வாசல் மணிக்கூண்டுக்கு வாருங்கள். தேவாலயம் 1757 இல் திறந்தது, முற்றுகைக்கு நூறு வருடம் பிந்தியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் எடுப்பவர்கள் அதையும் முற்றுகைக் கணக்கில் போட்டுவிடுவார்கள். அங்கே நிற்பதற்குக் காரணம், கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் ஒல்லாந்தக் கல்லறைக் கற்களை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பதும், நிழலும் குடிதண்ணீரும் கிடைக்கும் என்பதும்தான். கைமன் என்றால் முதலை. மதிலுக்கு வெளியே இருந்த நீரில் முதலைகள் கிடந்ததால் வந்த பெயர் என்பார்கள். போர்த்துக்கேயர் காலத்து நகரம் இந்த வாசல்வரை நீண்டிருந்தது. ஒல்லாந்தர் வென்றபின் அரணை மேற்கே சுருக்கி, இந்தப் பகுதியை வெளியே விட்டார்கள். புறக்கோட்டை என்ற தமிழ்ப் பெயரிலேயே அந்த முடிவு முழுவதும் இருக்கிறது. தமிழ்க் குழு என்றால் இதை மட்டும் சொன்னாலே நடை பாதி வெற்றி. இதே மாதிரி, கொம்பனித்தெருவில் மலே வீதியும் ரைபிள் வீதியும் ஏன் இருக்கின்றன என்று கேட்டுவிட்டு, 1873 இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மலாய்ச் சிப்பாய்களுக்குப் போகலாம். பெயர்ப்பலகை அளவுக்கு மலிவான ஆதாரம் வேறு கிடையாது.

மணிக்கூண்டில் இருந்து பிரதான வீதி வழியே மேற்கே நடந்து, பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் நூதனசாலையையும் தாண்டி, கோட்டைக்குள் நுழைந்து பிரிஸ்டல் வீதியில் வங்கிக் கட்டடத்தோடு சேர்ந்து நிற்கும் டெல்ஃப்ட் வாசலில் முடியுங்கள். ஒல்லாந்தர் மதிலின் மிச்சத்தில் பொதுமக்கள் தடையின்றிப் பார்க்கக்கூடியது அதுதான். பற்றன்பேர்க் கொத்தளம் துறைமுக வளவுக்குள் இருக்கிறது. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி இல்லாமல் அதை நிகழ்ச்சிநிரலில் போட்டு ஆட்களுக்கு விற்காதீர்கள். முழுத் தூரம் சுமார் 3 கிலோமீற்றர். தனியே நடந்தால் ஒரு மணித்தியாலம், பன்னிரண்டு பேரோடு நின்று விளக்கி நடந்தால் மூன்றரை. புறக்கோட்டையில் குழுவின் வேகம் மணிக்கு இரண்டரைக் கிலோமீற்றரைத் தாண்டாது. கணக்குப் போட்ட நேரத்தோடு கால்வாசி சேர்த்து வையுங்கள்.

பழைய வரைபடங்களில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, அநேகமான ஒல்லாந்த வரைபடங்களில் வடக்கு மேலே இருக்காது. கடல் எந்தப் பக்கம் என்று பார்த்துத் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். குழுவுக்குக் கொடுக்கும் பிரதியில் பெரிதாக ஓர் அம்புக்குறியை நீங்களே போட்டுவிடுங்கள். மற்றது அளவு. அளவுகோலில் ருட என்று இருந்தால் அது ரைன்லாந்துக் கோல், 12 அடி, நம் கணக்கில் 3.77 மீற்றர். 100 கோல் என்றால் 377 மீற்றர். அதை 100 மீற்றர் என்றோ 100 கஜம் என்றோ எடுத்துக்கொண்டு கொத்தளத்தைத் தப்பான தெருவில் கொண்டுபோய் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கூகுள் படத்தின்மேல் பழைய வரைபடத்தைப் போட்டுப் பொருத்தும்போது, அன்றும் இன்றும் அசையாத மூன்று புள்ளிகளாவது வேண்டும். இரண்டு போதாது, படம் சரிந்துவிடும். எப்படிப் பொருத்தினாலும் 30 முதல் 50 மீற்றர் வரை பிழை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்தச் சாப்புக்கடை வாசலில்தான்" என்று விரல் நீட்டாமல், "இந்தச் சந்தியை ஒட்டி" என்று சொன்னால் பின்னால் யாரும் உங்களைப் பிடிக்க முடியாது.

1942 க்கு வருவோம். இதற்குப் போர்க்களம் வானம். நிலத்தில் நின்று அதைக் காட்டுவது முற்றுகையைவிடக் கடினம், சரியாகச் செய்தால் பலனும் கூட. சுருக்கம் இவ்வளவு: ஏப்ரல் 4 பிற்பகல், கொக்கலையில் இருந்து பறந்த கனடிய 413 ஆவது படைப்பிரிவின் கட்டலைனா விமானம், லெனாட் பேர்ச்சோல் தலைமையில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலை, அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து சுமார் 125 விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. டெனிடோஸ் என்ற நாசகாரிக் கப்பலும் ஹெக்டர் என்ற ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலும் துறைமுகத்தில் மூழ்கின. அன்றே பிற்பகல் தென்மேற்குக் கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு கனரகக் கப்பல்களும் மூழ்கின. அவற்றில் மட்டும் 424 பேர் இறந்தார்கள், 1,122 பேர் மறுநாள் கடலில் இருந்து மீட்கப்பட்டார்கள். எச்சரிக்கை கிடைத்ததால் துறைமுகத்தில் இருந்த பெரும்பாலான கப்பல்களை முன்னரே வெளியே அனுப்பியிருந்தார்கள். பிரித்தானியரின் பிரதான கப்பற்படை கொழும்பை விட்டு விலகி மாலைதீவின் அட்டு அட்டோல் பக்கம் இருந்தது. பேர்ள் ஹாபர் போல ஆகாமல் போனதற்கு இதுவே விளக்கம்.

இந்தத் தாக்குதலுக்கு முக்கிய நிறுத்தம் கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடல். இப்போது கடைத்தொகுதியும் விளையாட்டரங்கும். அன்று அது அவசரமாக அமைத்த விமான ஓடுபாதை, பிரித்தானிய விமானப்படையின் 258 ஆவது படைப்பிரிவின் ஹரிக்கேன் போர்விமானங்கள் அங்கிருந்துதான் எழும்பின. ஜப்பானியருக்கு அந்த ஓடுபாதை இருப்பதே தெரியாது. அவர்கள் குறிவைத்த இரத்மலானை விமானத்தளத்தில் 30 ஆவது படைப்பிரிவின் ஹரிக்கேன்கள், எதிரி விமானங்கள் தலைக்குமேல் வரும்போது இன்னும் தரையில் இருந்தன. ராடார் இருந்தும் எச்சரிக்கை அவர்களுக்கு வந்துசேரவில்லை. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உலவுகின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அங்கே தரையைக் காட்டாமல் நிமிடங்களை எண்ணிக் காட்டுங்கள். இரத்மலானை துறைமுகத்தில் இருந்து சுமார் 14 கிலோமீற்றர். மணிக்கு 350 கிலோமீற்றர் வேகத்தில் வரும் குண்டுவீச்சு விமானத்துக்கு அது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. பந்தயத்திடலில் இருந்து துறைமுகம் அதிலும் பாதிக்குக் குறைவு. ஆனால் ஹரிக்கேன் எதிரியின் உயரத்துக்கு ஏறப் பல நிமிடம் பிடிக்கும். தரைச் சண்டையில் மேட்டைப் பிடித்தவனுக்கு இருக்கும் சாதகம் ஆகாயச் சண்டையில் உயரத்தில் இருப்பவனுக்கு. ஒருவரிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து இரண்டு நிமிடம் எண்ணச் சொல்லிவிட்டு, எல்லோரும் பேசாமல் நில்லுங்கள். அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு குறைவு என்பது வேறு எந்த விளக்கத்தாலும் புரியாது.

நேரக்கணக்கில் எழுதுபவர்களே தடுக்கி விழுகிறார்கள். 1942 ஜனவரியில் இலங்கைக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சர்வதேச நேரத்தோடு ஆறு மணித்தியால வித்தியாசமாக்கினார்கள். அதே வருடம் செப்டெம்பரில் இன்னோர் அரை மணி தள்ளினார்கள். ஜப்பானியர் எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தையே பதிந்தார்கள். ஆகவே அவர்களுடைய குறிப்பில் 10.45 என்று இருந்தால் அன்றைய கொழும்பில் 7.45. இன்றைய கடிகாரத்தில் அதே வெளிச்சம் 7.15 க்கு இருக்கும். ஏப்ரலில் நடை வைத்தால் 7.15 க்குப் பந்தயத்திடலில் நில்லுங்கள், சூரியன் அன்று இருந்த இடத்திலேயே இருக்கும். பிரித்தானியக் கடற்படையின் அறிக்கைகளில் நேரம் எந்த வலயத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

துறைமுகத்தைக் காட்ட யோர்க் வீதி முனையில் உள்ள கிராண்ட் ஒரியண்டல் ஹோட்டலின் மேல்மாடி உணவகம் நல்ல இடம். முதல் நாள் தொலைபேசியில் சொல்லி, ஆளுக்கு ஒரு தேநீர் எடுத்தால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். துறைமுகத்தைப் படம் எடுக்கலாமா என்பதை ஊழியரிடம் கேட்ட பிறகே கமராவை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். விகாரமகாதேவி பூங்காவில் உள்ள போர் நினைவுத்தூணையும் சேர்க்கலாம். கட்டடக்கலைஞர் லட்யென்ஸ் வடிவமைத்த அது முதலில் நின்றது காலிமுகத்திடலில். கடலில் இருந்து குறிவைக்க அடையாளமாகிவிடும் என்று இரண்டாம் உலகப்போரின்போது கழற்றிப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். நினைவுச்சின்னமே இடம்பெயர்ந்த கதை என்பதால் ஐந்து நிமிடத்துக்கு நன்றாகப் போகும். முடிவாகப் பொரளைக் கனத்தை மயானத்தில் அல்லது ஜாவத்தையில் உள்ள லிவெராமெந்துவில் பொதுநலவாயப் போர்க் கல்லறைகளுக்குப் போகலாம். நடுகல்லில் படைச்சின்னம், இலக்கம், தரம், பெயர், இறந்த நாள், வயது என்று இருக்கும். 1942 ஏப்ரல் 5 என்று பொறித்த கல்லை முதல்நாளே தேடிக் கண்டு வையுங்கள். குழுவோடு நின்று வரிசை வரிசையாகத் தேடுவது அழகல்ல.

ஒரு சொல்லில் கவனம் வேண்டும். இன்று தமிழில் "உயிர்த்த ஞாயிறு தாக்குதல்" என்றால் அது 2019 ஏப்ரல் 21 தான். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் உங்கள் நடைப்பாதையில் இருந்து கூப்பிடு தூரம். அழைப்பிதழிலும் பேச்சிலும் ஒவ்வொரு தடவையும் "1942 ஜப்பானிய விமானத் தாக்குதல்" என்றே சொல்லுங்கள். "ஈஸ்டர் தாக்குதல் நடை" என்று கவர்ச்சிக்காகத் தலைப்புப் போட்டால், வந்து நிற்பவர்களில் ஒருவர் குடும்பத்தில் ஆளை இழந்தவராக இருக்கக்கூடும்.

விளக்கும் முறைக்கு வருகிறேன். ஒரு இடத்தில் நின்று சொல்வதை இந்தத் தொழிலில் ஸ்டாண்ட் என்பார்கள். ஒரு ஸ்டாண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம், அரை நாளுக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு. முதல் இரண்டு நிமிடம் திசைக்கு: வடக்கு எது, கடல் எது, அன்று தண்ணீர் எதுவரை, நாம் எந்தத் தரப்பின் பக்கம் நிற்கிறோம். இதைத் தாண்டிக் குதிப்பதுதான் புதியவர்களின் முதல் பிழை. திசை பிடிபடாத மனிதர் அடுத்த பத்து நிமிடமும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். பிறகு மூன்று நிமிடம் நிலைமை, அதாவது அந்த நேரத்தில் தளபதிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. அவருக்குப் பிறகு தெரிந்ததை இங்கே சொல்லிவிட்டால் அவர் முட்டாளாகத் தெரிவார், கதையும் செத்துப்போகும். அடுத்து நடந்தது. கடைசி இரண்டு நிமிடம் கேள்விகளுக்கு. பீரங்கிகளின் விட்டங்களையும் படைப்பிரிவு இலக்கங்களையும் அடுக்காதீர்கள். கேட்பவர் கேட்டால் சொல்லத் தயாராக இருந்தால் போதும். சீருடைப் பின்னணி உள்ளவர்கள் கட்டாயம் கேட்பார்கள், பெரும்பாலும் உங்களைச் சோதிக்க.

குழு பன்னிரண்டு பேருக்குள் இருந்தால் குரல் போதும். அதற்கு மேல் இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி வேண்டும். புறக்கோட்டையில் ஹோன் சத்தத்தை எதிர்த்துக் கத்தாமல் முற்றங்களிலும் தேவாலய வளவுகளிலும் நின்று பேசுங்கள், தெருவில் நடக்க மட்டும் செய்யுங்கள். வரைபடங்கள் ஏ3 அளவில் லாமினேற் செய்து மூன்று பேருக்கு ஒன்று. பளபளப்பான லாமினேற் வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும், மங்கல் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், பையில் நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்றுகள் நான்கைந்து, ஒரு குடை உங்களுக்கு, இரண்டு மறந்து வந்தவர்களுக்கு. 10.30 க்குள் திறந்தவெளி வேலை முடிய வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வரும், காலிமுகத்திடலில் குழுவை நிறுத்தி வைக்காதீர்கள். கழிப்பறை எங்கே என்பதைத் திட்டத்தில் முதலில் குறியுங்கள், வரலாற்றை அதற்குப் பிறகு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒன்று இல்லாவிட்டால் யாரும் உங்கள் முற்றுகையைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

உருமறைப்பு நிற உடையில் வரவேண்டாம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் எழுதுங்கள். கோட்டையில் ஜனாதிபதி மாளிகைப் பகுதியிலும் கடற்படை வளவுகளின் ஓரத்திலும் கமராவைத் தூக்கினால் நடை அங்கேயே நின்றுவிடும். ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். மெட்டல் டிடெக்டர் கொண்டுவர ஆசைப்படும் வெளிநாட்டவர் வருவார். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் சட்டம் இங்கே அமுலில் இருக்கிறது, தோண்டுவதும் எடுப்பதும் குற்றம், உங்கள் லைசன்ஸும் கூடப் போய்விடும் என்று முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொழும்புக்கு வெளியே அடுத்தபடி திருகோணமலை. ஃபிரெட்ரிக் கோட்டை, நிலாவெளி வீதியில் போர் மயானம், 1942 ஏப்ரல் 9 தாக்குதல் என்று ஒரு நாள் தாராளமாக நிறையும். ஹூட்ஸ் டவர் நூதனசாலை கடற்படை வளவுக்குள் இருப்பதால் அனுமதி முன்கூட்டி. அதே ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் விமானந்தாங்கி 50 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. சாதாரண சுழியோடிச் சான்றிதழின் எல்லை 40 மீற்றர், ஆகவே அதை உங்கள் பட்டியலில் போடாதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வேறு இருக்கிறார்கள். கொழும்புக்குக் கிட்ட, 1559 இல் சீதாவாக்கை இராச்சியத்தின் படை போர்த்துக்கேயரை முறியடித்த முல்லேரியா இருக்கிறது. சதுப்பும் வீடுகளும் கலந்து கிடப்பதால் வாகனத்தில் இருந்தபடி பத்து நிமிடம், அதற்கு மேல் இழுக்க முடியாது.

வடக்கு வேறு விடயம், தமிழில் வழிகாட்டுபவரிடம் அதைத்தான் அதிகம் கேட்பார்கள். யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், புலிகள் என்று கை மாறிய வரிசையில் 1619, 1658, 1795, 1990 என்று அடுக்கடுக்காகச் சொல்லலாம். ஐங்கோண வடிவமே பாடம் எடுக்கும்: ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டில் இருந்து அடுத்த கொத்தளத்தின் சுவர் முழுவதையும் சுட முடியும் என்பதை மதில்மேல் நின்று விரலால் காட்டலாம். ஆனையிறவில் நின்றால், அந்த ஒடுங்கிய தரைப்பாதையைப் பிடிப்பவன் குடாநாட்டின் கழுத்தைப் பிடிக்கிறான் என்பதைச் சொல்லத் தேவையே இல்லை. 1991, 2000, 2009 சண்டைகள் மூன்றும் அதே காரணத்துக்காக அங்கே நடந்தவை. ஆனால் முள்ளிவாய்க்கால் போர்க்களச் சுற்றுலா இடமல்ல. அது இறந்தவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் தேடும் குடும்பங்களின் இடம். ஸ்டாண்ட், வரைபடம், ஒலிபெருக்கி எதையும் வெளியே எடுக்காதீர்கள். தன் வீட்டுக்காரரை நினைத்து வந்தவர் பேசினால் கேளுங்கள், திருத்தாதீர்கள். வெளிநாட்டவர் எண்ணிக்கை கேட்டால், எண்ணைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் யார் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணமாக, இறுதிப்போரில் பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் எழுதியது, அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அந்த அளவில் நிறுத்துங்கள். மே 18 ஐ ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கம் கட்டணச் சுற்றுலா கொண்டுபோவதே சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

முகமாலைப் பக்கம் போனால், நீண்டகாலம் முன்னரங்காக இருந்த மண் அது. மண்டையோட்டுப் பலகையும் சிவப்புக் கம்பும் இருந்தால் அந்தப் பக்கம் இல்லை. பலகை இல்லாவிட்டாலும் தார் ரோட்டையும் தேய்ந்த தடத்தையும் விட்டு இறங்காதீர்கள். பற்றைக்குள் ஒதுங்கப் போவதுதான் அங்கே மிக ஆபத்தான செயல், ஆகவே கழிப்பறை நிறுத்தத்தைப் பளையிலோ கிளிநொச்சியிலோ முடித்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். துருப்பிடித்த எதையும் காலால் தட்டவும் கூடாது. கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த அடியிலேயே திரும்பி நடந்து, பொலிசுக்கு அறிவியுங்கள்.

படிப்புக்கு முதலில் கறுவாத்தோட்டத்தில் பந்தயத்திடலுக்குக் கிட்டவே உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம், பழைய நில அளவைப் படங்களுக்கு நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களம். ஒல்லாந்த வரைபடங்களில் பெரும்பகுதி நெதர்லாந்து ஆவணகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரித்தானிய விமானப்படைப் பிரிவுகளின் நாட்குறிப்புகள் லண்டன் தேசிய ஆவணகத்தில் ஏ.ஐ.ஆர். 27 என்ற தொகுதியில் இருக்கின்றன. ஒரு சம்பவத்துக்கு இரு தரப்பில் இருந்தும் ஓர் ஆவணமாவது கையில் இல்லாமல் அதைச் சொல்வதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், வீழ்ந்த விமானங்களின் எண்ணிக்கை விடயத்தில் காப்பாற்றப்படுவீர்கள். அன்று இரு பக்கமும் வெற்றியைத் தாராளமாகப் பெருக்கித்தான் அறிவித்தார்கள்.

முதல் நடையை விற்பதற்கு முன் பாதையை இரண்டு தடவை நடந்து பாருங்கள். ஒன்று தனியே, கையில் கடிகாரத்தோடு. மற்றது இரண்டு நண்பர்களோடு, நடத்தப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில். புறக்கோட்டை ஞாயிறில் ஓர் ஊர், திங்களில் வேறோர் ஊர். போயா நாளில் நூதனசாலையும் அலுவலகங்களும் பூட்டியிருக்கும். இரண்டாவது நடையில் நண்பர் எந்த இடத்தில் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டாண்டில் பாதியை வெட்ட வேண்டும்.